எந்த வீட்டு இலை?

கல்யாணத்தில் ஊருக்கே சோறு போடுகிறோம். அந்தக் கல்யாணத்துக்கு உழைக்க வந்தவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்?

இரவு பத்தே முக்கால் இருக்கும். திருவண்ணாமலை வேங்கிக்காலில், வேலூர் சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு முடிந்து மேடையில் கூட்டம் வடிந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் கடைசிப் பந்தி எழுந்துபோன மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேசைக்கு மட்டும் புதுத் தாள் விரித்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு தலைவாழை இலை போட்டு, இனிப்பிலிருந்து அப்பளம் வரை ஒன்று விடாமல் பரிமாறியிருந்தது. எதிரே இடுப்பில் பேட்டரிப் பையும் கழுத்தில் இரண்டு கேமராவுமாக ஒரு தம்பி.

"அண்ணி, ஜாங்கிரியை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க. அண்ணா, நீங்க வாயைத் தொறக்காதீங்க, சிரிங்க. கடிக்காதீங்க... கடிக்காதீங்க... ம், இப்பக் கடிங்க!"

இருபது நிமிடம் இப்படியே போனது. ஜாங்கிரிக்குப் பிறகு ஐஸ்கிரீம், ஐஸ்கிரீமுக்குப் பிறகு பீடா. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த உதவிப் பையன் மணமக்களைப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். படம் எடுக்க வந்தவர்கள் நான்கு பேர். மதியம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்கு வந்தவர்கள். நடுவில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட்.

படம் முடிந்தது. நான்கு பேரும் மூலை மேசையில் உட்கார்ந்து இலை கேட்டார்கள். சமையல் காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார்.

"எந்த வீட்டு ஆளுங்க தம்பி நீங்க?"

"போட்டோ ணா."

"அது தெரியுது. பொண்ணு வீட்டு போட்டோவா, மாப்பிள்ளை வீட்டு போட்டோவா?"

நான் ஊரிலிருந்து தாமதமாக வந்து பக்கத்து மேசையில் ரசம் சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் குரலில் கடுப்பு எதுவும் இல்லை. நான்கு இலையை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் அவர் கவலை. பெண்ணின் அப்பா களைத்துப்போய் அறைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் மாமாவைத் தேடிப் பிடித்தார்கள். அவரும் நல்ல மனிதர்தான். "அவங்க முதலாளி சாப்பாட்டுக்குத் தனியா குடுத்திருப்பாரே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "சரி, போடுங்கப்பா, இருக்கறத வெச்சிப் போடுங்க" என்றார். இருந்தது ஆறிப்போன பரோட்டா, அடியில் தங்கிய குருமா, ரசம். இரண்டு பேர் அதைச் சாப்பிட்டார்கள். மற்ற இருவர் "பரவால்ல ணா" என்று எழுந்து, சாலையோரத் தள்ளுவண்டியில் முட்டை தோசை சாப்பிடப் போனார்கள். காலையில் நாலரைக்கு முகூர்த்தம். மூன்றரைக்கு மணப்பெண் அலங்காரத்தைப் படம் எடுக்க அவர்கள் திரும்பவும் அங்கே நிற்க வேண்டும்.

இந்த ஊரில் இது நடந்ததுதான் எனக்கு வியப்பு. பசி என்று வந்தவரைத் திருப்பி அனுப்பாத ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக யார் யாரோ அண்டாவை வைத்துக்கொண்டு பொங்கலும் புளிசாதமும் தொன்னையில் நீட்டுவார்கள். வாங்காமல் நடந்தால் கோபித்துக்கொள்வார்கள். கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் செய்ய வருகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் மாவட்ட நிர்வாகம் அதற்கென்று இடம் ஒதுக்கி, முன் அனுமதி வாங்கச் சொல்கிறது. அந்த அனுமதியைத் தருகிற மாவட்ட நிர்வாகத்தின் தலைமையிடமான ஆட்சியர் அலுவலகம் இருப்பதும் இதே வேங்கிக்காலில்தான். ரமணாசிரமத்தில் தினமும் முற்பகலில் சாதுக்களும் ஏழைகளும் வரிசையில் நின்று சோறு வாங்கிப் போகிறார்கள். அங்கே பழைய அடியார்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஒருநாள் கூட்டம் மிகுந்து, பந்தி நேரத்தில் யாரோ "பரதேசிங்க எல்லாம் அப்புறம் வாங்க" என்று அதட்டினார்களாம். சற்று நேரத்தில் பகவான் ரமணரைக் காணோம். தேடிப்போனால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பரதேசிகளைப் போகச் சொன்னீர்களே, நானும் பரதேசிதானே, அதனால் வந்துவிட்டேன் என்றாராம்.

அப்படிப்பட்ட ஊரில், கல்யாண மண்டபத்துக்குள் மட்டும் "எந்த வீட்டு ஆளு?" என்ற கேள்வி எப்போது நுழைந்தது?

மலையில் கிடைத்த சோறு

கூலிக்குக் கலை செய்ய வந்தவருக்குச் சோறு போடுவதைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய வழிகாட்டி நூல் ஒன்று இதே மாவட்டத்தைச் சேர்ந்தது. மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் ஆண்ட செங்கண்மா இன்றைய செங்கம். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். பாட்டில் வருகிற நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள், சேயாறு இன்றும் செய்யாறாக ஓடுகிறது. கூத்தராற்றுப்படை என்பது அதன் இன்னொரு பெயர். பரிசு வாங்கித் திரும்புகிற கூத்தர் தலைவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்வதுதான் விஷயம்.

வழி சொல்கிறவன் எதைச் சொல்கிறான் என்று பாருங்கள். எந்த மலையில் ஏறுவது, எந்த இடத்தில் வழுக்கும் என்பதோடு, எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போகிறான். மலைக்குடிகளிடம் போனால் தினைச் சோறும் இறைச்சியும். யார் என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள், சொந்தக்காரன் வந்ததுபோல உள்ளே கூப்பிடுவார்கள். நன்னனின் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாலோ, எத்தனை நாள் தங்கினாலும் முதல் நாள் கவனித்தது போலவே கவனிப்பு. பொன் தாமரை, நகை, யானை, குதிரை எல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. கலைஞர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்ட முதல் கேள்வி சோற்றைப் பற்றியது. இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு கேமராக்காரர்கள் சந்தித்தால், "அந்த மண்டபத்துல சாப்பாடு எப்படி?" என்பதைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறார்கள்.

நன்னனின் ஊரில் இலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் இல்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மளிகை லிஸ்ட் போய், இலைக் கணக்கு வந்தது

மறுநாள் காலை டிபன் பந்தி ஓய்ந்ததும் அந்த மேற்பார்வையாளரோடு பத்து நிமிடம் பேசினேன். முப்பது வருடமாகச் சமையல் தொழிலில் இருப்பவர். பரிமாறும் பையனாகத் தொடங்கியவர்.

"முன்னெல்லாம் எங்களுக்குக் கூலி மட்டும்தான் சார். மாஸ்டரு லிஸ்ட் எழுதிக் குடுப்பாரு. துவரம்பருப்பு இத்தினி, எண்ணெ இத்தினி டின்னு, இலை இத்தினி கட்டுன்னு. வீட்டுக்காரங்களே மளிகைய வாங்கி எறக்கிடுவாங்க. நாங்க போய் ஆக்கிப் போடுவோம். யாரு உக்காந்தாலும் போட வேண்டியதுதான். எவன் சாப்ட்டா எனக்கு இன்னா? அரிசி அவங்க அரிசி."

இப்போது இலைக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். மளிகை, கேஸ், ஆள், பாத்திரம் எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்பு. வீட்டுக்காரருக்குப் பெரிய நிம்மதி. இரண்டு மாதம் மளிகைக்கு அலைய வேண்டாம், மிச்சம் விழுந்த புளியையும் மிளகாயையும் கல்யாணம் முடிந்து ஆறு மாதம் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டாம். நான் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். என் வீட்டுக் கல்யாணத்திலும் இலைக் கணக்குதான். ஆனால் அதனால் ஒன்று நடந்தது. மளிகை காலத்தில் பத்துப் பேர் கூடுதலாகச் சாப்பிட்டால் அது அண்டாவில் கரைந்துபோகும், யாருக்கும் தெரியாது. இலைக் கணக்கில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு விலை வந்துவிட்டது. பந்திக்கு எத்தனை இலை விழுந்தது என்று மேற்பார்வையாளர் சீட்டில் கோடு போடுகிறார். அவர் சரியாகத்தான் போடுகிறாரா என்று வீட்டுக்காரர் தரப்பில் ஒரு மச்சான் வாசலில் நின்று எண்ணுகிறார். ராத்திரி பதினோரு மணிக்கு இருவரும் சமையலறைப் பக்கம் நின்று, "நானூத்தி அறுவது." "இல்ல, நானூத்தி முப்பத்தஞ்சு" என்று பேசிக்கொள்ளும்போது, அந்த இடைவெளியில் இருக்கிற இருபத்தைந்து பேர் யார்? பெரும்பாலும் அவர்கள்தான்: மேளம், கேமரா, மைக், டிரைவர்.

மனசாட்சி உள்ள காண்ட்ராக்டர்கள், "வேலை ஆளுங்க இலையை நான் எண்ணல" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் இன்னொரு வகையில் சிக்கல்தான். எண்ணாத இலைக்கு இருக்கிறதைப் போடலாம், இல்லாவிட்டால் இல்லை. எண்ணினால் வீட்டுக்காரருக்குக் கசக்கிறது, எண்ணாவிட்டால் சாப்பாடு கடைசிக்குப் போகிறது.

ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டோவும் வீடியோவும் 6 பேர், மேளம் 5, மேடை அலங்காரம் 4, மணப்பெண் அலங்காரம் 2, மைக்கும் ஜெனரேட்டரும் 2, டிரைவர்கள் 4, மண்டபம் கூட்டும் அக்காக்கள் 2. மொத்தம் 25 பேர். இலை 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரவும் காலையும் சேர்த்து 10,000 ரூபாய். மேடைக்குப் பின்னால் நிற்கிற பூத்தூண்களில் இரண்டைக் குறைத்தால் அது வந்துவிடும். பணம் பெரிய தடை இல்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

யாருக்கு எங்கே சோறு

கல்யாணத்துக்கு வருகிற வேலைக்காரர்களில் சாப்பாட்டை எழுத்தில் வாங்கிவிட்ட ஒரே ஆள் புரோகிதர். வெளியில் சாப்பிடாத வழக்கம் உள்ளவர்களுக்காக அரிசி, பருப்பு, வாழைக்காய் என்று அவர் கொடுக்கும் சாமான் லிஸ்டிலேயே அது வந்துவிடும். தாலி கட்டி முடித்ததும் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பிவிடுவார். அவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை, அவரிடமிருந்து கற்றுக்கொள்ளத்தான் இருக்கிறது.

வாடகைக் கார் டிரைவருக்குப் பேட்டா உண்டு. அதனாலேயே, "பேட்டாவுல சாப்பாடு அடக்கம்தானே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஆனால் டிரைவர்கள் பாடு மற்றவர்களை விடத் தேவலாம். வண்டியில் வந்த பெரியம்மா ஒருவர் இறங்கும்போதே, "டிரைவர் தம்பி, நீயும் வந்து கைய நனைச்சிட்டுப் போப்பா" என்று கூப்பிட்டுவிடுவார். ஐந்து மணி நேரம் ஒரே வண்டியில் வந்ததில் உண்டான உறவு. கேமராக்காரரை அப்படிக் கூப்பிட யாருக்கும் தோன்றுவதில்லை. இத்தனைக்கும் அன்று மணமக்கள் முகத்தை அவரைப் போல நெருக்கத்தில் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

பரிமாறுகிற பையன்களில் பாதிப் பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள். "கேட்டரிங் போறோம்" என்பார்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரே நிறத்தில் சட்டை கொடுத்து நிறுத்துவார்கள். நல்ல காண்ட்ராக்டர் ஐந்தரை மணிக்கே அவர்களை உட்காரவைத்து, வெந்தது வரைக்கும் போட்டுவிடுவார். பசித்த பையன் பரிமாறினால் கை நடுங்கும், சாம்பார் விருந்தாளி வேட்டியில் விழும் என்பது தொழில் அறிவு. மற்ற இடங்களில் எல்லாப் பந்தியும் முடிந்து, தரையைக் கூட்டிய பிறகு. அப்போது இனிப்பு இருக்காது. ஐநூறு பேருக்குப் பாதுஷா வைத்த பையன் ஒருவனிடம், எப்படி இருந்தது பாதுஷா என்று கேட்டேன். "பார்க்க நல்லா இருந்துச்சு ணா" என்றான்.

சமையல் மாஸ்டர் கதை வேறு. அவருக்குத் தட்டுப்பாடு கிடையாது, பசியே கிடையாது. நாள் முழுக்க அடுப்புப் புகையிலும் தாளிப்பு வாசனையிலும் நின்றவருக்கு அந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலே போதும் போதும் என்றிருக்கும். இரண்டு உருண்டை தயிர் சாதம், ஊறுகாய். அதோடு படுத்துவிடுவார்.

மண்டபத்தைக் கூட்டுகிறவர்களும் எச்சில் இலை எடுக்கிறவர்களும்தான் இந்த வரிசையில் கடைசி. அவர்களுக்குச் சாப்பாடு கிடைக்காமல் இல்லை. நிறையவே கிடைக்கும், தூக்கு நிறைய, கேரி பேக் நிறைய. மிச்சத்தை அவர்களிடம்தான் கொடுக்கிறோம். ஆனால் உட்கார இடம் கிடைக்காது. வேங்கிக்கால் மண்டபத்தில் இலை எடுத்த அக்கா ஒருவர் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்து கேரி பேக்கைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே முந்நூறு நாற்காலி காலியாகக் கிடந்தது. "உள்ள உக்காந்து சாப்பிடலாமே அக்கா?" என்றேன். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதுபோல என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இங்கதான் காத்து வருது" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. கிராமத்துக் கல்யாணத்தில் துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், பறை அடித்தவர் எல்லோருக்கும் சோறு உண்டு. பின்வாசலில் உண்டு, கடைசியில் உண்டு, கொண்டுவந்த பாத்திரத்தில் உண்டு. யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்பதைச் சாதி தீர்மானித்தது. தமிழ்நாட்டு அரசியலின் பெரிய சண்டைகள் சில பந்தியில்தான் தொடங்கின. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924, 25இல் வெடித்து, பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கான காரணங்களில் ஒன்றானது. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்று இருந்த பிரிவு 1941இல்தான் போயிற்று. இன்றைக்கு சுதந்திர தினத்தன்றும் அண்ணா நினைவு நாளன்றும் கோயில்களில் பொது விருந்து நடக்கிறதென்றால், அது அந்தச் சண்டைகளின் மிச்சம்.

கல்யாணத்துக்குக் கூலிக்கு வந்த கலைஞரின் மரியாதை பற்றியே ஒரு சம்பவம் உண்டு. 1930ஐ ஒட்டி, செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு வருகிறார். தோளில் துண்டு. துண்டை எடுத்துவிட்டு வாசிக்கும்படி வீட்டார் சிலர் சொல்கிறார்கள். உடன் இருந்த சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி, எடுக்காதீர்கள், அப்படியே வாசியுங்கள் என்று முன்னால் வந்து நிற்கிறார். துண்டு தோளிலேயே இருந்தது, வாசிப்பு தொடர்ந்தது. அந்தத் துண்டுக்காகச் சண்டை போட்ட ஊரில் வாசித்தவருக்கு இலை எங்கே போட்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்றைய போட்டோகிராபர் எந்தச் சாதியாகவும் இருப்பார். அவரைத் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்று எந்த வீட்டுக்காரரும் நினைப்பதில்லை. கேட்டால் பதறிப்போவார்கள். ஆனால் உழைத்தவன் கடைசியில் என்கிற வரிசை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. சாதி போன பிறகும் அது வைத்த நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

நான்கு மணி நேரமும் ஒரு தட்டும்

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது அது. 2021இல் அதே சட்டத்தில் ஒரு திருத்தம்: கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும். துணிக்கடையில் மணப்பெண்ணுக்குப் பட்டுப்புடவை எடுத்துக் காட்டிய பெண்ணுக்கு இப்போது உட்கார உரிமை உண்டு. அந்தப் புடவையைக் கட்டிய மணப்பெண்ணை எட்டு மணி நேரம் படம் எடுக்கிறவரை உட்காரச் சொல்ல மண்டபத்துக்குள் யாரும் இல்லை.

கனடாவிலோ இங்கிலாந்திலோ கல்யாணம் செய்கிற நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே போட்டோகிராபரின் ஒப்பந்தத்திலேயே சாப்பாட்டுக்கு ஒரு வரி இருக்கும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் சூடான சாப்பாடு, உட்கார ஓர் இடம். மண்டபக்காரர் அதற்குக் குறைந்த விலையில் தனித் தட்டு வைத்திருப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு அதில் ஒரு நெருடலும் உண்டு. விருந்தாளிக்கு ஒன்று, வேலைக்காரருக்கு வேறொன்று என்று தனித் தட்டு வைப்பதைப் பந்தியில் சமைத்துப் பழகிய நம் சமையலறை தாங்காது. ஒரே அண்டா, ஒரே சாம்பார். நமக்கு வேண்டியது நேரம்தான்.

கொரோனா காலத்தில் ஒன்று கவனித்தேன். 2020இல் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று வரம்பு வந்தபோது, கேமராக்காரரும் மேளக்காரரும் அந்த ஐம்பதில் அடக்கமா என்று வீட்டுக்கு வீடு கேள்வி எழுந்தது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் பட்டியல் எழுதியபோது 47, 48, 49 என்று மேளம் இருவர், கேமரா ஒருவர் என எழுதினார்கள். அந்தக் கல்யாணத்தில்தான் நாதஸ்வரக்காரரும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தேன். பட்டியலில் பேர் ஏறினால் இலையும் தானாக வந்துவிடுகிறது.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலு பேர் என்று பேசிவிட்டு ஒன்பது பேர் வந்து இறங்குகிற குழுக்கள் உண்டு. டிரம்ஸ் செட் பதினாலு பேர் வாசிப்பார்கள், இருபத்திரண்டு பேர் சாப்பிடுவார்கள். மிச்சம் எட்டுப் பேர் யாரென்று கேட்டால், "நம்ம பசங்கதான் சார்" என்பார்கள். வீட்டுக்கு நாலு பார்சல் கட்டச் சொல்கிறவர்களும் உண்டு. இவர்களால்தான் மேற்பார்வையாளர் கையில் சீட்டும் வாயில் கேள்வியுமாக வந்து நிற்கிறார். முன்பணம் வாங்கும்போதே, எத்தனை பேர் வருவோம், எத்தனை வேளை சாப்பிடுவோம் என்று போட்டோகிராபர் தன் பில்லில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சே வராது. எழுதக் கூச்சப்படுகிறார்கள். சோற்றைக் கேட்டு வாங்குவதா என்கிற தன்மானம். நாம் கூப்பிடாததற்கும் அவர்கள் கேட்காததற்கும் நடுவில் பரோட்டா ஆறிப்போகிறது.

என் பெரியப்பா தன் மகள் கல்யாணத்தில் ஒரு வேலை செய்தார். மாலை ஆறே காலுக்கு, இன்னும் விருந்தாளிகள் வரத் தொடங்காத நேரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று வந்தார். மேளக்காரர், மைக்காரர், பூக்காரர், கேமராக்காரர் ஒவ்வொருவரிடமும் போய், "வாங்க, மொதப் பந்தி உங்களுக்குத்தான், எழுந்து வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்தார். மாஸ்டர் முணுமுணுத்தார்: அப்பளம் பொரிக்கவில்லை, பாயசம் இறங்கவில்லை. "அப்பளம் இல்லாட்டிப் போவுது, பசிக்குச் சோறு போடு" என்றார் பெரியப்பா. கேமராக்காரர்கள் மட்டும் மாப்பிள்ளை அழைப்பை விட்டுவிட்டு வர முடியாது என்று தயங்கினார்கள். அதற்கும் வழி வைத்திருந்தார். இருவர் சாப்பிட, இருவர் எடுக்க, பிறகு மாற்றிக்கொள்ள. அன்றைக்கு எடுத்த ஆல்பத்தில் பெரியப்பாவின் படம் மட்டும் பதினெட்டு இருக்கிறது. யாரும் சொல்லி எடுக்கவில்லை.

எல்லாப் பெரியப்பாக்களும் அப்படிச் சுற்றி வர முடியாது. பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு நிற்க நேரமில்லாமல் ஓடுவார். ஆகவே இந்தப் பொறுப்பை ஓர் ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். மொய் எழுத ஒரு ஆள், தாம்பூலப் பை கொடுக்க ஒரு ஆள் என்று பிரிக்கிறோம் இல்லையா, அதைப்போல, வேலைக்கு வந்தவர்களைப் பந்திக்கு அழைக்க ஒரு ஆள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒருவர். "எந்த வீட்டு ஆளு?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், "என் ஆளு, எழுதிக்கோங்க" என்று சொல்கிற அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். வீட்டில் இருபது வயதில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். பெரியவர்களை விட அவர்கள் கூச்சமில்லாமல் கூப்பிடுவார்கள்.

அடுத்த முகூர்த்த மாதத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டுச் சமையல் காண்ட்ராக்டரிடம் முன்பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வெஜிடபிள் பிரியாணியா, தக்காளி சாதமா என்று பேசி முடித்த பிறகு, எழுந்து வருவதற்கு முன் இதையும் கேட்டுவிடுங்கள்: "வேலைக்கு வர்றவங்க 25 பேர். அவங்களுக்கு எத்தனை மணிக்கு இலை போடுவீங்க?" அவர் சொல்கிற நேரத்தை அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.